தற்காப்புக் கலைத் திரைப்படங்களை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தற்காப்புக் கலைத் திரைப்படம் பார்க்கத்தக்கதா என்று தீர்மானிக்க முற்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, அதில் நடிப்பவருக்கு உண்மையிலேயே சண்டை தெரியுமா என்பதைத்தான். கேள்வி இயல்பானதே. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையை வைத்தே படத்தை ஏற்பதும் தள்ளுவதும் இவ்வகைப் படங்களைப் பார்ப்பதில் நேரும் மிகப் பெரிய தவறு என்று கருதுகிறேன். உண்மையான சண்டையில் வல்லவர் தம் நோக்கத்தை மறைக்கிறார். அடுத்து எந்தக் கை வரும், எந்தக் கால் எழும் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாது. திரையில் சண்டையிடுபவரோ அதே நோக்கத்தைப் பார்வையாளருக்குத் தெளிவாகக் காட்டியாக வேண்டும். ப்ரூஸ் லீ தாம் வகுத்த ஜீத் குன் டோ முறையில் எதிராளியின் முழங்காலையும் அதற்குக் கீழே காலின் முன்புறமுள்ள எலும்பையும் குறிவைக்கும் தாழ்ந்த உதைக்குப் பெரும் இடம் கொடுத்தவர். ஆயினும் 1971 முதல் 1973 வரை வெளிவந்த தம் படங்களில் தலை உயரத்துக்கு எழும்பும் உதைகளையே மீண்டும் மீண்டும் காட்டினார். திரையரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் எட்டுவது அந்த உயர்ந்த உதைதான்.

ஹாங்காங் திரையுலகின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் ஆகிய மூவரும் சிறு வயதில் பயின்றது யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியர் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியில். குட்டிக்கரணம், ஆயுத வீச்சு, பாட்டு, முகபாவம் யாவும் அங்கு ஒரே கல்வியின் பகுதிகளாகக் கற்பிக்கப்பட்டன. மிஷெல் யோ லண்டனில் பாலே பயின்றவர். சாங் சீயி பெய்ஜிங்கில் நடனம் பயின்றவர். இவர்களெல்லாம் போட்டி மேடைகளில் வென்ற வீரர்கள் அல்லர் என்பதற்காக இவர்களுடைய சண்டைக் காட்சிகளைப் போலி என்று ஒதுக்குபவர், உடலைத் தாளத்தோடு நிறுத்தவும் நகர்த்தவும் தெரிந்திருப்பதே திரைச் சண்டையின் அடிப்படைத் திறன் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்.

அதற்காக மரபுவழிக் கலைஞர்களுக்கு இங்கே இடமில்லை என்று பொருளில்லை. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனத்துக்காகப் படங்களை இயக்கிய லாவ் கார்-லியுங், புகழ்பெற்ற சீனத் தற்காப்புக் கலை ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவரான லாம் சாய்-விங்கிடம் பயின்றவரின் மகன். ஹுங் கார் என்னும் தென்சீன முறையைத் தந்தையிடமே கற்றவர். ஆனால் அவருடைய படங்கள் சிறந்து நிற்பதற்குக் காரணம் அந்தப் பரம்பரை மட்டுமன்று. கலையின் நுணுக்கத்தைக் கதையின் திருப்பமாக மாற்றத் தெரிந்த அவருடைய அறிவும்தான். 1981இல் வெளிவந்த அவருடைய ‘மார்ஷியல் கிளப்’ படத்தின் இறுதிச் சண்டை, போகப் போகக் குறுகும் ஒரு சந்துக்குள் நடக்கிறது. இடம் குறையக் குறைய விரிந்த வீச்சுகள் பயனற்றுப் போக, இருவரும் தம் கால்நிலைகளையும் கைமுறைகளையும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். யாரும் சாகாமல், எதிராளியின் திறமையை மதித்து விலகுவதில் அது முடிகிறது. வசனம் எதுவுமின்றி இரண்டு மனிதர்களின் குணத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன சண்டைக் காட்சிகள் மிகச் சில.

வேகத்தைக் குறித்த மயக்கம் அடுத்தது. ஒரு நொடிக்குள் பல ஷாட்டுகள் மாறினால் அதை வேகம் என்று எண்ணிக்கொள்கிறோம். 2000களில் ஹாலிவுட்டில் பரவிய, கேமராவை உலுக்கி ஷாட்டுகளை விரைவாக வெட்டி மாற்றும் முறை, பல நேரங்களில் போதிய பயிற்சி இல்லாத நடிகரை மறைக்கவே உதவியது. யார் யாரை எங்கே அடித்தார் என்பது பார்வையாளருக்குத் தெரிவதற்குள் காட்சியே முடிந்துவிடும். இதற்கு எதிர்வினையாக, வெட்டே இல்லாத நீண்ட ஷாட்டுதான் உயர்ந்தது என்ற மற்றொரு தவறான கருத்து இப்போது வேரூன்றி வருகிறது. ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தை எடுத்த கிங் ஹூ தமக்குக் குங்ஃபூ தெரியாது என்றும் தம் சண்டைகள் பீக்கிங் இசைநாடகத்திலிருந்து பிறந்தவை என்றும் வெளிப்படையாகவே சொன்னவர். அப்படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையில், சில ஃபிரேம்களே நீடிக்கும் ஷாட்டுகளை அடுக்கி, மனிதர்கள் மரத்துக்கு மரம் பாய்வதாக நம்மை நம்பவைத்தார். பாய்ச்சலின் முழு வளைவும் நம் கண்ணில் படுவதில்லை. கிளம்புவதும் இறங்குவதும் மட்டுமே படுகின்றன. அந்தப் படத்துக்கு 1975இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. மறுபுறம், 2005இல் வந்த தாய்லாந்துப் படமான ‘தோம் யும் கூங்’கில் டோனி ஜா ஓர் உணவகத்தின் தளங்களில் ஏறிக்கொண்டே ஏறத்தாழ 4 நிமிடங்கள் வெட்டில்லாமல் சண்டையிடுகிறார். அந்த ஷாட்டின் பயன் வியப்பூட்டுவதில் இல்லை; ஏற ஏற அவருடைய மூச்சு வாங்குவதும் கைகள் தளர்வதும் நம் கண்முன்னே நிகழ்வதில் இருக்கிறது. வெட்டுவதோ வெட்டாதிருப்பதோ எதைக் காட்டுவதற்காக என்று கேட்டுப் பார்த்தாலே இரண்டையும் சரியாக எடைபோடலாம்.

இதனுடன் சேர்த்துப் பயில வேண்டியது நிறுத்தத்தைக் கவனிப்பது. அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல், ஹாங்காங் சண்டைகள் நின்று, வெடித்து, மீண்டும் நிற்கும் ஒரு லயத்தில் அமைகின்றன என்று எடுத்துக்காட்டினார். இசைநாடக மேடையில் நடிகர் அசைவின் உச்சத்தில் ஒரு கணம் சிலையாக நிற்கும் வழக்கத்தின் தொடர்ச்சி இது. அந்த ஒரு கணத்தில்தான் நாம் நடந்ததைப் புரிந்துகொண்டு நடக்கப்போவதற்குக் காத்திருக்கிறோம். ஹாங்காங்கின் சண்டை இயக்குநர்கள் முழுச் சண்டையையும் பல கேமராக்களில் பதிவுசெய்து பிறகு வெட்டிக்கொள்வதை விட, ஒவ்வொரு அடியின் கோர்வையையும் அதற்கே உரிய ஆங்கிளில் தனித்தனியாக எடுத்ததால்தான் இத்தகைய லயம் கைகூடியது. இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும் சண்டை பத்தாவது நிமிடத்தில் அலுப்பூட்டுவதற்கு, அதில் இந்த நிறுத்தம் இல்லாததே பெரும்பாலும் காரணம்.

கயிற்றில் பறப்பதைக் கண்டதும் முகம் சுளிப்பதும் ஒரு தவறே. குங்ஃபூ படம் வேறு, வூசியா எனப்படும் வாள்வீரர் கதை வேறு. காற்றில் மிதக்கும் வீரர்களும் வீராங்கனைகளும் சீனத்தின் தாங் வம்சக் காலக் கதைகளிலேயே இருக்கிறார்கள். அந்த மரபில் பறத்தல் என்பது அகப்பயிற்சியின் வெளி அடையாளம். ஆங் லீ இயக்கிய ‘கிரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ படத்தில் (2000) மூங்கில் உச்சியில் நடக்கும் சண்டையைக் கவனியுங்கள்: சௌ யுன்-ஃபாட் ஏற்ற பாத்திரம் வளையும் கிளையின்மேல் அசையாமல் நிற்க, சாங் சீயி ஏற்ற இளம்பெண் சமநிலை தவறித் தவறிப் பிடித்துக்கொள்கிறாள். ஆசானுக்கும் இன்னும் அடங்காத மாணவிக்கும் உள்ள தூரம் அந்த ஆட்டத்தில் தெரிகிறது. கயிறு எதையும் சொல்லாமல் வெறும் உயரத்தை மட்டும் காட்டும் படங்களைக் குறைகூறலாம். அப்படிப்பட்டவை ஏராளமாக உண்டு.

கதையைத் தள்ளிவிட்டுச் சண்டைகளை மட்டும் துண்டுதுண்டாகப் பார்க்கும் பழக்கம் இப்போது மிகவும் பெருகியிருக்கிறது. இதனால் ஏற்படும் இழப்பை விளக்க ‘கிரௌச்சிங் டைகர்’ படத்தின் பயிற்சிக்கூடச் சண்டையே போதும். மிஷெல் யோவின் பாத்திரம் இரட்டை வாள், ஈட்டி, கொக்கி வாள் என்று ஒவ்வோர் ஆயுதமாக எடுக்கிறது. திருடப்பட்ட அரிய வாளை வைத்திருக்கும் இளம்பெண் அவற்றை ஒவ்வொன்றாகத் துண்டிக்கிறாள். கடைசியில் முறிந்த வாளை எதிராளியின் கழுத்தருகே நிறுத்தி, வெட்டாமல் விடுகிறார் மூத்தவர். அந்த இரக்கத்துக்குக் கிடைக்கும் பதில் கையில் ஒரு வெட்டு. தனித் துண்டாகப் பார்ப்பவருக்கு இது ஆயுதங்களின் அணிவகுப்பாகத் தோன்றும். முதலிலிருந்து பார்த்தவருக்கோ, திறமை யாரிடம், வாள் யாரிடம் என்ற படம் முழுக்க ஓடும் கேள்வியின் உச்சம் அது.

லாவ் கார்-லியுங்கின் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978) இந்த வகையில் இன்னும் துணிச்சலானது. படத்தின் நடுப்பகுதி முழுவதும் சண்டைக்குப் பதிலாகப் பயிற்சியே நடக்கிறது. மேற்கையில் கத்திகளைக் கட்டிக்கொண்டு நீர்வாளிகளைத் தூக்க வேண்டும், கை தாழ்ந்தால் விலாவில் கீறும். நீண்ட காம்புள்ள கனத்த சுத்தியலால், ஓதும் தாளம் தவறாமல் மணி அடிக்க வேண்டும். பொறுமையிழந்து இப்பகுதியை ஓட்டிவிடுபவருக்கு, பின்னர் நாயகனாக நடிக்கும் கோர்டன் லியூ மூங்கில் ஒடிவதைக் கண்டு, மூன்று தண்டுகளை இணைத்த முத்தண்டு ஆயுதத்தை உருவாக்கும் கணம் வெறும் தகவலாகவே இருக்கும். கற்பதில் உள்ள துன்பத்தையும் மகிழ்ச்சியையும் இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் என்பதாலேயே, இவ்வகைப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

உயிரைப் பணயம் வைத்தார் என்பதை மட்டுமே தகுதியாகக் கொள்வது கவலை தரும் தவறு. ‘போலீஸ் ஸ்டோரி’யின் (1985) முடிவில் ஜாக்கி சான் வணிக வளாகத்தின் உச்சியிலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்கினார், அவர் உள்ளங்கைகள் வெந்துபோயின. அடுத்த ஆண்டு வெளிவந்த ஒரு படத்துக்காக யுகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டையோட்டில் காயமடைந்து உயிர் பிழைத்தார். கம்பத்துக் காட்சி நினைவில் நிற்பதற்குக் காயம் காரணமன்று. வழக்கின் சான்று இருக்கும் பெட்டி கீழ்த்தளத்தில் பறிபோகிறது, படியில் இறங்க நேரமில்லை என்ற நெருக்கடியைப் படம் முன்கூட்டியே நம்மிடம் கட்டியெழுப்பிவிட்டது என்பதே காரணம். காயத்தைக் கொண்டாடும் பார்வையாளர், அடுத்த படத்தில் இதைவிடப் பெரிய ஆபத்தைக் கேட்கிறார்; அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத சண்டைக் கலைஞர்களே. அடி வாங்குபவர் எப்படி விழுகிறார் என்பதைப் பொறுத்தே அடித்தவரின் வலிமை நமக்குத் தெரிகிறது. ஆகவே பாராட்டில் பாதியாவது விழுபவருக்குச் சேர வேண்டும்.

படத்தை நாயகனின் பெயரை வைத்தே தேர்ந்தெடுப்பதும் நம்மிடையே பரவலாக உள்ளது. சண்டையை வடிவமைத்தவர் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்கு ஏமாற்றம் குறைவு. 1978இல் ஜாக்கி சானை நட்சத்திரமாக்கிய ‘ட்ரங்கன் மாஸ்டர்’, 1999இன் ‘தி மேட்ரிக்ஸ்’, அதற்கு அடுத்த ஆண்டின் ‘கிரௌச்சிங் டைகர்’ மூன்றின் சண்டைகளும் யுவென் வூ-பிங்கின் கையிலிருந்து வந்தவை என்பதை அறிந்தவர், தொடர்பற்றவைபோல் தோன்றும் படங்களுக்கிடையே ஓர் ஆசிரியரின் கையெழுத்தைக் காண்பார். ஹாங்காங் திரைப்பட விருதுகள் 1980களின் தொடக்கத்திலேயே இத்துறைக்குத் தனி விருது அளிக்கத் தொடங்கிவிட்டன. இந்தியத் தேசிய விருதுகளில் அது 2017இல்தான் இடம்பெற்றது; ஆஸ்கரில் 2028இல் நடைபெறும் விழாவிலிருந்துதான் வரவிருக்கிறது. இத்தனை காலம் ஆனதற்கு, பெயர் போடும்போது அந்த வரியை நாம் யாரும் படிக்காததும் ஒரு காரணம்.

பழைய படங்களின் உதட்டசைவு பொருந்தாததைக் கண்டு சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. 1970களின் ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலிப்பதிவின்றி எடுக்கப்பட்டுப் பின்னர் குரல் சேர்க்கப்பட்டவை. மூலமொழியில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். பின்னர் குரல் சேர்க்கும் முறையிலேயே பல பத்தாண்டுகள் படமெடுத்த தமிழ்த் திரையுலகின் ரசிகர்களுக்கு இது புதிதன்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது, படத்தின் அகலம் வெட்டப்படாத பிரதியா என்பது. ஷா பிரதர்ஸ் படங்கள் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சியின் சதுரத்துக்காக ஓரங்களை நறுக்கிய பிரதியில் ஈட்டியின் முனையும் எதிராளியின் பாதியும் திரைக்கு வெளியே போய்விடும். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் அசைவை மழமழப்பாக்கும் ஓர் அமைப்பு பெரும்பாலும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. அது இல்லாத ஃபிரேம்களைத் தானே உண்டாக்கி இடையில் சேர்ப்பதால், நொடிக்கு 24 ஃபிரேம்களைக் கணக்கிட்டு அமைத்த அடியின் கூர்மை மங்கிவிடுகிறது. படத்தைத் தொடங்குவதற்கு முன் அமைப்புகளுக்குள் சென்று அதை நிறுத்திவிடுங்கள்.