சின்னப் பிள்ளைகளோடு வீட்டை விற்று வீடு மாறுகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

எங்கள் மாடியில் எதிர் வீட்டுப் பெண் போன வாரம் சாயங்காலம் ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மூத்தவளுக்கு மூன்றரை வயது. "அக்கா, வீடு வித்தாச்சு, அக்ரிமென்ட்டும் போட்டாச்சு. நாற்பத்தஞ்சு நாள்ல காலி பண்ணிக் கொடுக்கறோம்னு எழுதிக் கொடுத்துட்டோம்" என்றாள், முகமெல்லாம் சந்தோஷம். புது வீடு எப்போது தயாராகும் என்று கேட்டேன். "பில்டர் அடுத்த மாசம்னு சொல்றார்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த வருடத்தில் இதே பேச்சை நான் கேட்பது மூன்றாவது முறை, மூன்று வீட்டிலும் நாலு வயதுக்குள் பிள்ளைகள். 2022-இல் நானும் இதையேதான் என் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

அதனால்தான் எழுதுகிறேன். பெட்டி மேல் பெயர் எழுதுவது, பேக்கர்ஸ் மூன்று பேரிடம் ரேட் கேட்பது, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். பெங்களூரில் சொந்த பிளாட்டை விற்றுவிட்டு இன்னொரு பிளாட்டுக்குப் போகிற, வீட்டில் டயப்பர் வயதில் பிள்ளை இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும் சில விஷயங்கள்.

கூப்பிட்டபோதெல்லாம் கதவைத் திறப்பது

புரோக்கர் போன் செய்து "மேடம், கிளையன்ட் கீழதான் நிக்கிறாங்க, ரெண்டே நிமிஷம்" என்பார். மணி ஒன்றரை இருக்கும், பையன் அப்போதுதான் தூங்கியிருப்பான். வாங்குகிறவர் கை நழுவிவிடுவாரோ என்ற பயத்தில் முதல் மூன்று வாரம் நாங்கள் எல்லோரையும் விட்டோம். மதியத் தூக்கம் கெட்ட பிள்ளை இரவு பதினொன்று வரை அழும், மறுநாள் காலையில் அலுவலக போன் கால், அதற்குள் இன்னொரு கிளையன்ட். உண்மையாக வாங்க நினைப்பவர் உங்கள் நேரத்துக்கு வருவார். சனி, ஞாயிறு காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, வார நாளில் மாலை நாலரைக்கு மேல் என்று நாங்கள் சொன்ன பிறகுதான் வீடு விலை போனது. அதற்கு முன்னால் வந்தவர்களில் பாதிப் பேர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

இன்னொன்று. வருகிறவர்கள் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நடப்பார்கள். பிள்ளைகளின் படம், பெயர் ஒட்டிய கதவு, பிளேஸ்கூல் அடையாள அட்டை, இதெல்லாம் அந்த வீடியோவில் போய் யார் யார் குழுவுக்கோ சேரும். முதல் ஆள் வருவதற்கு முன்பே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுங்கள். "குழந்தைங்க வேண்டாம், ப்ளீஸ்" என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

விற்பதற்காகப் பெயின்ட் அடிப்பது

வேண்டாம். வாங்குகிறவர் எப்படியும் திரும்ப அடிப்பார். கிரேயான் கோடு இருந்ததற்காக எங்களிடம் யாரும் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை.

புது வீட்டுச் சாவி கையில் இல்லாமல் காலி செய்யும் தேதியை எழுதிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நாங்கள் ராமமூர்த்தி நகர் பக்கம் இருந்த இரண்டு பெட்ரூம் பிளாட்டை விற்றோம். புது வீடு சர்ஜாபூர் ரோட்டில், கட்டி முடிகிற நிலையில் இருந்தது. பில்டர் அலுவலகத்தில் "செப்டம்பர் கடைசியில சாவி, ஓசி மட்டும்தான் பாக்கி, அது வந்துடும்" என்றார்கள். ஓசி என்றால் கட்டடத்தில் குடியேறலாம் என்று அதிகாரிகள் தரும் சான்று. அந்த ஒரு வாய் வார்த்தையை நம்பி, வாங்குகிறவரின் அக்ரிமென்ட்டில் அக்டோபர் 10-க்குள் காலி செய்து தருகிறோம், தவறினால் நாள் கணக்கில் இவ்வளவு ரூபாய் என்று கையெழுத்துப் போட்டோம். வாங்கியவர் மேல் தப்பே இல்லை. அவர் எங்கள் தேதியை நம்பித் தன் வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார், அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தது. ஓசி வந்தது அடுத்த வருடம் பிப்ரவரியில்.

நடுவில் நாலு மாதம். அப்போது மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம், மகனுக்குப் பதினொரு மாதம். பெங்களூரில் நாலு மாதத்துக்கு என்று யார் வீடு தருவார்கள்? பதினொரு மாத ஒப்பந்தம், ஆறு மாதம் கட்டாயம் இருக்க வேண்டும், ஆறு மாத வாடகை அட்வான்ஸ். மாதம் 30,000 என்று ஒரு வீடு அவசரத்தில் பிடித்தோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 30,000. நாலு மாத வாடகை 1,20,000. கூடுதலாக ஒரு முறை சாமான் ஏற்றி இறக்க 22,000. ஆறு மாதத்துக்கு முன்னால் கிளம்பியதற்கு இரண்டு மாத வாடகையும், பெயின்ட் என்று ஒரு மாத வாடகையும் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள், அது 90,000. மொத்தம் 2,62,000 ரூபாய். இதோடு புது வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் வட்டி தனி.

பணத்தைக்கூட விடுங்கள். அந்த வீட்டில் முழுக்க போர் தண்ணீர், இரண்டு பேருக்கும் தோல் வறண்டு சொரிந்துகொண்டே இருந்தார்கள். வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே கூர்மையான ஒரு படி இருந்தது, என் மகன் நடக்கப் பழகியது அந்தப் படியில்தான், அந்த நாலு மாதமும் நான் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடவில்லை. மகள் டயப்பரை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, அங்கே போன முதல் வாரமே மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். பிளேஸ்கூல் மாறியது, அங்கே ஆன்ட்டிகளின் முகம் பழகி அழுகை நின்ற நேரத்தில் திரும்பவும் மாற வேண்டி வந்தது. பெரியவர்களுக்கு நாலு மாதம் சீக்கிரம் போய்விடும். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காலம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? முதலில், தேதியை நாட்காட்டியைப் பார்த்து எழுதக் கூடாது. புது வீட்டுக்கு ஓசி வந்து, சாவி கைக்கு வந்து, அதிலிருந்து முப்பது நாள் என்று எழுத வேண்டும். வாங்குகிறவர் அப்படி முடிவில்லாமல் ஒத்துக்கொள்ள மாட்டார்தான், அதற்கு ஒரு கடைசி வரம்பு வைத்துக்கொள்ளலாம். பில்டர் சொல்கிற மாதத்தை அந்த வரம்பாக வைக்காதீர்கள். ரேராவில் (பில்டர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) அந்தத் திட்டத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த முடிவுத் தேதி கர்நாடக ரேரா இணையதளத்தில் இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள், அதற்கு மேலும் சில மாதம் கூட்டுங்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓசி இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்புகூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. "ஓசி அப்புறம் வரும், நீங்க குடி வந்துடுங்க" என்று யாராவது சொன்னால், குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சுக்குத் தலையாட்டவே ஆட்டாதீர்கள்.

இரண்டாவது, பதிவு முடிந்த பிறகும் அதே வீட்டில் இரண்டு மூன்று மாதம் வாடகை கொடுத்து இருந்துகொள்கிறோம் என்று பேரம் பேசும்போதே கேளுங்கள். முதலீட்டுக்காக வாங்குகிறவர் பெரும்பாலும் சம்மதிப்பார், அவருக்கு முதல் நாளிலிருந்து வாடகை கிடைக்கிறது. அவர் தன் பாதுகாப்புக்கு விலையில் ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு சாவி கொடுக்கும்போது தரட்டும். குடியேறுவதற்காக வாங்குகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் விலையில் ஐம்பதாயிரம் கூடக் குறைவு என்றாலும் முதலாமவருக்கே கொடுப்பது லாபம் என்பது என் எண்ணம். எங்களுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தார், ஐம்பதாயிரத்துக்காக விட்டுவிட்டோம்.

மூன்றாவது, காகிதங்களுக்கு ஆகும் நாளை எண்ணுங்கள். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரில் இ-காத்தா (வீடு யார் பெயரில் என்று மாநகராட்சி தரும் மின்னணுச் சொத்துப் பதிவு) இல்லாமல் பதிவு இல்லை. ஆதாரில் ஒரு பெயர், கிரயப் பத்திரத்தில் இன்ஷியலோடு ஒரு பெயர் என்று நம் தமிழ்ப் பெயர்கள் பலருக்கும் இருக்கும், அங்கேயே மாட்டும். விளம்பரம் போடுவதற்கு முன்பே அதைச் சரிபார்த்து எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடனை நீங்களே அடைத்துவிட்டு விற்பதாக இருந்தால், வங்கி அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆகவே அந்த 30 நாளையும் கணக்கில் சேருங்கள்.

வரிக்காக அவசரப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வீடு விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டு வரி விலக்குப் பெற, விற்றதிலிருந்து வாங்க இரண்டு வருடம், கட்ட மூன்று வருடம் அவகாசம் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை அதற்கென்று வங்கியில் இருக்கிற மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைத்தால் போதும். இதற்காக அரைகுறை வீட்டுக்குள் பிள்ளைகளோடு ஓட வேண்டியதில்லை.

ஆடி, ஆஷாடம் இரண்டையும் பார்க்காமல் நாள் குறிப்பது

எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நீங்கள் சொல்லலாம், வாங்குகிறவர் வீட்டில் இருக்கும். கன்னடக் குடும்பங்களுக்கு ஆஷாடம் பீமன அமாவாசையோடு முடியும், அது பெரும்பாலும் நம்முடைய ஆடி அமாவாசை நாளேதான். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு ஆடி அதற்குப் பிறகும் ஆகஸ்ட் நடுவரை ஓடும். இரண்டையும் சேர்த்தால் ஜூன் கடைசி அல்லது ஜூலையிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பதிவும் நடக்காது, பால் காய்ச்சவும் முடியாது. அந்த நேரத்தில்தான் பிளேஸ்கூல் புது வருடம் தொடங்கிப் பிள்ளை பழகிக்கொண்டிருக்கும். மார்கழியும் அப்படித்தான். அக்ரிமென்ட் போடும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு நாளில் பிள்ளைகளை அழைத்துப் போவது

பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் போயாக வேண்டும், போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். முன்கூட்டியே நேரம் பதிவு செய்துதான் போனோம், ஆனாலும் அன்று எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. உட்கார இடம் இல்லை, சர்வர் நின்று நின்று ஓடியது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் கூட ஒரு ஆளை அழைத்துப் போய்க் காரில் வைத்திருங்கள். பெரியவளை என் அத்தையிடம் விட்டுப் போனேன், அன்று நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

தடுப்பூசி அட்டையை லாரியில் ஏற்றுவது

கைப்பையில் வையுங்கள். காய்ச்சல் மருந்தையும்.

பால்கனியைக் குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

கூடாது. கம்பியோ வலையோ போட அசோசியேஷன் அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். சாவி வாங்கிய அன்றே எழுதிக் கொடுங்கள். சாமான் ஏற்றி இறக்க லிஃப்ட்டுக்கு எந்த நேரம், எவ்வளவு கட்டணம் என்பதையும் அதே நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் இப்போதைய கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை விடவே மாட்டார்கள். கம்பி போடும் வரை பால்கனிக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், அதுவும் பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில்.

எல்லாத் துணியையும் துவைத்துப் புதிதாக விரிப்பது

அந்த வாரம் பிள்ளையின் தலையணை உறையையும் போர்வையையும் துவைக்காதீர்கள். பழைய வாசனையோடு அப்படியே கொண்டுபோய் முதல் இரவு விரியுங்கள். விளையாட்டுச் சாமானைக் கடைசியாகக் கட்டி முதலில் பிரியுங்கள்.

காலியான வீட்டைப் பிள்ளைக்குக் காட்டாமல் கிளம்புவது

முதல் முறை மகள் தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய்விட்டோம், அழ மாட்டாள் என்று. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து "வீட்டுக்குப் போலாம்மா" என்று நின்றாள். அவளைப் பொறுத்தவரை அங்கே எல்லாம் அப்படியே இருந்தது, கட்டில், ஊஞ்சல், அவளுடைய சிவப்பு வாளி. இரண்டாவது முறை லாரி கிளம்பிய பிறகு கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போனேன். "கட்டில் எங்கே? லாரியில. வாளி எங்கே? லாரியில." சமையலறையில் அவளே கேட்டு அவளே பதில் சொன்னாள். புது வீட்டில் வாளியை முதலில் இறக்கிக் கையில் கொடுத்தோம். அதன் பிறகு அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கவில்லை.

எதிர் வீட்டுப் பெண்ணின் அக்ரிமென்ட்டில் முன்பணம் இன்னும் முழுதாகக் கை மாறவில்லை. அவள் கணவர் இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவரைப் பார்த்து, பதிவுக்குப் பின் மூன்று மாதம் வாடகைக்கு இருக்க முடியுமா என்று கேட்கப் போகிறார். நானும் என் கணவரும் கூடப் போகிறோம்.