அரிய ஜெர்மன் குடும்பப்பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி

ஜெர்மன் குடும்பப்பெயரின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயர் அகராதியைத்தான் புரட்டுகிறார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். பெயர் எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் பொருள் தேடினால், எல்லாப் பொருளுமே பொருந்துகிற மாதிரிதான் தோன்றும்.

ஆய்லர் என்ற பெயரையே பாருங்கள். ஹெஸ்ஸன் வட்டாரத்தில் அது குயவர் தொழிலிலிருந்து வந்த பெயர். ஆனால் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லரின் முன்னோர் தெற்கே லிண்டாவிலிருந்து பாசலுக்குப் போனவர்கள்; அவர்கள் பெயருக்கு ஈரமான சிறு புல்வெளி என்று வேறு மூலம் சொல்கிறார்கள். குயவர் தொழிலுக்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும்: தெற்கே ஹாஃப்னர், வடக்கே போனால் பெட்டர்.

ஆகவே முதலில் வரைபடம். மைன்ஸ் அகாடமியின் டிஜிட்டல் குடும்பப்பெயர் அகராதியில் இலவசமாகவே பரவல் வரைபடம் பார்க்கலாம். அதற்கு அடிப்படை 2005ஆம் ஆண்டின் தரைவழித் தொலைபேசி இணைப்புகள். ஓர் இணைப்பு என்பது ஒரு வீடு, ஓர் ஆள் அல்ல. பெயர்தாரர்களின் எண்ணிக்கையை யோசிக்கும்போது அதை மறக்கக் கூடாது. வரைபடங்களில் மொத்த எண்ணிக்கை, மக்கள்தொகை விகிதம் என்று இரண்டு வகை உண்டு. எப்போதும் விகிதத்தையே நம்புங்கள், இல்லாவிட்டால் எந்தப் பெயருக்கும் பெர்லின்தான் சொந்த ஊர் மாதிரி தெரியும். பெருநகரங்களில் தெரியும் ஓரிரு புள்ளிகள் பிழைப்புக்குப் போனவர்களாக இருக்கலாம். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று மாவட்டங்களில் புள்ளிகள் குவிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

குவியலே இல்லாமல் நாடு முழுக்கத் தூவினாற்போல் இருக்கிறதா? எனக்கு உடனே கிழக்கின் மேல்தான் சந்தேகம் வரும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடிப் பேர் வெளியேறவோ வெளியேற்றப்படவோ நேர்ந்தது. அவர்களோடு பெயர்களும் சிதறின. இதற்கு நல்ல மருந்து முதல் உலகப்போரின் இழப்புப் பட்டியல்கள், அதாவது மாண்ட, காயமடைந்த, காணாமல்போன வீரர்களின் பட்டியல்கள். கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றை இணையத்தில் தேடும்படி ஏற்றியிருக்கிறார்கள். வீரரின் பெயரோடு பெரும்பாலும் ஊரும் இருக்கும். இன்று சிதறிக் கிடக்கும் பெயர் அங்கே ஒரே வட்டாரத்தில் கூடி நிற்பதைப் பார்க்கலாம். ஊரின் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால், 1912இல் வந்த மையரின் ஊர்ப்பெயர் அகராதியைப் பாருங்கள், அதுவும் இணையத்தில் உண்டு.

பெயரின் கடைசி அசையும் துப்புக் கொடுக்கும். ‘லெ’ என்றால் ஸ்வாபியா, ‘ஸென்’ என்றால் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று தேட ஆரம்பிக்கலாம். ‘ஓ’ என்று ஒலிக்கும் (ow) கடைசி அசை மெக்லென்பர்க், பொமரேனியா பக்கம், ஸ்லாவிய வேர்.

வட்டாரம் கிடைத்ததும் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகலாம். புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியோன் இணையதளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா இணையதளம், இலவசம். பழைய குர்ரென்ட் கையெழுத்து கொஞ்சம் படுத்தும்: அதில் ‘e’ எழுத்தும் ‘n’ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும், ‘u’வை அதன் தலைமேல் உள்ள வளைவை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் அப்பாவுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், மகனுக்கு இன்னொன்று என்றிருந்தால் மிரள வேண்டாம். பெண்களின் பெயரில் ‘இன்’ சேரும். ஆய்லர் வீட்டுப் பெண் ஏட்டில் ‘ஆய்லரின்’ ஆகிவிடுவாள். அது தனிக் குடும்பப்பெயர் அல்ல. வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு சிக்கல்: பண்ணை வீட்டுக்கு மருமகனாகப் போனவர் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வதுண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘கெனாண்ட்’ (என்று அழைக்கப்படுபவர்) என்று இருந்தால் விஷயம் அதுதான்.

அரசுப் பதிவு பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மன் பேரரசு முழுக்க 1876 ஜனவரியிலும் தொடங்கியது. அந்த அலுவலகத்தின் பெயர் ஷ்டாண்டெஸ்அம்ட். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகள், திருமணம் 80, இறப்பு 30 கடந்தால் ஆவணக் காப்பகத்தில் யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதற்குள் வேண்டுமென்றால் நேரடி வாரிசு என்பதற்கான சான்றுகளைக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.