காலி என்று காட்டும் டிவிடி காலி இல்லை: வீட்டு வீடியோக்களை மீட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

திண்டுக்கல்லில் பழைய வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். இப்போது இரண்டு பையன்கள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கிறார்கள். போன மாதம் ஒருவன் ஃபார்மட் பட்டன் மேல் மௌஸை வைத்திருந்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்க்கில் கைரேகை படக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். விஷயம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகள்தான் இங்கே.

ஓடவில்லை என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவது

2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. டிஸ்க் நன்றாக இருக்கும், ஓட்டுவதற்கு ஆள் இருக்காது. முதலில் விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து டிரைவைப் பாருங்கள். யூஎஸ்பியில் மாட்டும் மெல்லிய டிரைவுக்கு மின்சாரம் போதாவிட்டால் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும், 'டிக் டிக்' என்று இரண்டு தடவை சத்தம் வரும், நின்றுவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்க யூஎஸ்பியில் நேராக மாட்டினாலே பாதி டிஸ்க்குகள் எழுந்து ஓடிவிடும்.

கம்ப்யூட்டர் 'காலி' என்றதும் நம்புவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாத தவறு இது.

2000-களின் நடுவில் டிவிடி கேமராக்கள் வீடுகளுக்கு வந்தன. டேப்புக்குப் பதிலாக 8 செ.மீ. அகலமுள்ள குட்டி டிஸ்க்கிலேயே நேராகப் பதிவாகும். 1.4 ஜிபி கொள்ளும், சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவில் வந்தவர்கள் கையில் அந்தக் கேமராவை அடிக்கடி பார்ப்பேன். காதுகுத்து, கிடாவெட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் அதில் ஏறின.

அந்த டிஸ்க்கில் ஒரு சங்கதி உண்டு. படம் பிடித்து முடித்ததும் கேமராவிலேயே 'ஃபைனலைஸ்' என்றொரு வேலையைச் செய்ய வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும், பதிவு இங்கே முடிகிறது என்ற அடையாளமும் அப்போதுதான் டிஸ்க்கில் எழுதப்படும். அதைச் செய்யாமல் எடுத்து வைத்துவிட்டால் படம் முழுக்க டிஸ்க்கிலேயே இருக்கும், பிடித்த கேமராவில் ஓடும், மற்றவற்றில் பெரும்பாலும் ஓடாது. கம்ப்யூட்டர் அட்டவணையைத் தேடும். கிடைக்காது. உடனே காலி டிஸ்க் என்று சொல்லிவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள், பென் டிரைவ் மாதிரியா, பிளேயரில் போடுவதற்கா என்று ஒரு கட்டத்தைக் காட்டும். பென் டிரைவ் மாதிரி என்பதைத் தொட்டு அடுத்த பட்டனையும் அமுக்கினால் ஃபார்மட் தொடங்கிவிடும்.

2009-ல் ஒரு அக்கா மூன்று குட்டி டிஸ்க்குகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் பிடித்த படங்கள். அவர் அப்போது உயிரோடு இல்லை. மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் காலி என்று வந்தது. "அக்கா, இதுல ஒண்ணுமே இல்ல" என்றேன். "இல்ல தம்பி, கேமராவுல ஓடுச்சு, நாங்க எல்லாரும் உக்காந்து பார்த்தோமே" என்றார். நான் காதில் வாங்கவில்லை. இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். அது திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க். காலிதானே என்று ஒரு வாரம் கழித்து அதை முழுசாக அழித்து, வேறொரு வேலைக்குப் பயன்படுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் யாரோ சொல்லிக் கொடுத்து, கேமராவையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்தோம். கம்ப்யூட்டரில் முதல் டிஸ்க் ஓடியது, இரண்டாவதும் ஓடியது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணாவது எங்க தம்பி?" என்று கேட்டார்.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன். அவர் திட்டவில்லை. டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் இப்போதெல்லாம் 'காலி' என்று திரை சொன்னால் நான் டிஸ்க்கைத்தான் கேட்பேன். வெளியே எடுத்து, பளபளப்பான பக்கத்தை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். எழுதப்பட்ட பகுதிக்கும் எழுதப்படாத பகுதிக்கும் நிறம் கொஞ்சம் மாறும். நடுத்துளையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு வளையம் சற்றே வேறு சாயலில் தெரிந்து, ஓரிடத்தில் கோடு போட்டது போல முடியும். இந்த டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு படம் இருக்கிறது. ஆர்டபிள்யூ டிஸ்க்கில் இந்த வித்தியாசம் மங்கலாக இருக்கும், பொறுமையாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வளையம் தெரிந்தால் அது காலி இல்லை.

பிறகு செய்ய வேண்டியது இது. டிஸ்க்கில் காயம் இல்லை, படம் பிடித்த கேமராவும் வேலை செய்கிறது என்றால் அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பாதியில் பேட்டரி போனால் இருப்பதும் சிக்கலாகும். வேறு கம்பெனி கேமராவில் போட்டு முயற்சி செய்ய வேண்டாம். கேமரா கெட்டுப்போயிருந்தால், அல்லது டிஸ்க் ஏற்கெனவே தகராறு செய்கிறது என்றால், எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் ஐசோபஸ்டர் இதற்குப் பழைய கை. ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கையும் அது திறந்து உள்ளே இருப்பதைத் தேடிக் காட்டும். சில ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் விஆர் (வீடியோ ரெகார்டிங்) முறையில் பதிவாகியிருக்கும். அதில், டிவிடியில் வழக்கமாகப் படம் இருக்கிற விஓபி ஃபைல்களுக்குப் பதில் விஆர்ஓ என்று ஒரே பெரிய ஃபைல் இருக்கும். பெயர் புதிதாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள், படம் அதற்குள்தான் இருக்கிறது.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? முழுசாக அழித்திருந்தால் மீட்க வழியில்லை. விரைவாக அழித்திருந்தால், டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ (டிஸ்க்கில் DVD+RW என்று இருக்கும்) வகையில் படம் அடியில் அப்படியே கிடக்க வாய்ப்பு உண்டு, அதை எடுத்துவிடலாம். மைனஸ் ஆர்டபிள்யூ (DVD-RW) வகையில் படம் இருந்தாலும் டிரைவே 'காலி' என்று சொல்லிப் படிக்க மறுத்துவிடும். அதற்குப் பிறகு அதன் மேல் எதையாவது எழுதியிருந்தால், எழுதிய இடத்தில் இருந்தது திரும்பாது.

வாடிக்கையாளர் "ஓடுச்சு" என்று சொன்னால் ஓடியிருக்கிறது. அவர் சொல்வதை முதலில் நம்புங்கள்.

இழுத்துப் போட்டு காப்பி செய்வது

கல்யாண டிவிடியைத் திறந்தால் விடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் விஓபி ஃபைல்கள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. அதை அப்படியே டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போடுவார்கள். பச்சைக் கோடு முக்கால்வாசி போய் நிற்கும். டிரைவ் கரகரவென்று சத்தம் போடும். பத்து நிமிடம் கழித்துப் பிழை என்று வரும். மறுபடியும் இழுப்பார்கள். ஐந்தாறு முறை.

இங்கே நடப்பது இதுதான். டிவிடியில் 2048 பைட் கொண்ட செக்டர்கள் பதினாறு பதினாறாகக் கட்டப்பட்டிருக்கும். பிழை திருத்தும் கணக்கு அந்த 32 கேபி கட்டுக்கு மொத்தமாகத்தான். ஒரு கட்டைத் திருத்த முடியாவிட்டால் அந்த 32 கேபி போகும். படத்தில் அது அரை வினாடி கட்டம் கட்டமாகச் சிதறுவதோடு சரி. ஆனால் விண்டோஸ் காப்பி அந்த ஒரு கட்டில் முட்டிக்கொண்டு மொத்த ஃபைலையும் கைவிட்டுவிடும். 1 ஜிபி என்பது சாதாரணமாக 20 நிமிடத்துக்கு மேல். தாலி கட்டுகிற அரை வினாடி போகிறதே என்று மாங்கல்யதாரணத்திலிருந்து பந்தி வரை எல்லாவற்றையும் விட்டுவிடுகிற மாதிரி.

ஃபைல்களை விடுங்கள். டிஸ்க்கை முழுசாக ஒரே ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது மொத்த டிஸ்க்கின் அச்சு நகலான ஒரே ஃபைலாக எடுங்கள், அதுவும் கெட்ட இடத்தைத் தாண்டிப் போகத் தெரிந்த கருவியால். நான் பயன்படுத்துவது லினக்ஸில் இயங்கும் க்னூ டிடிரெஸ்க்யூ. உபுண்டுவில் 'ஜிடிடிரெஸ்க்யூ' என்ற பெயரில் கிடைக்கும், பென் டிரைவிலிருந்து உபுண்டுவை ஏற்றியே வேலையை முடித்துவிடலாம். செக்டர் அளவை 2048 என்று சொல்லிவிட வேண்டும். அது முதல் சுற்றில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைக் குறித்து வைக்கும், அப்புறம் அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் இந்த வரிசைதான் முக்கியம்.

மேப் ஃபைலை அழிப்பது

டிடிரெஸ்க்யூ இமேஜோடு ஒரு சின்ன ஃபைலையும் எழுதும். எந்த இடம் கிடைத்தது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. ஒரு பையன் அதைக் குப்பை என்று அழித்துவிட்டான். ஆறு மணி நேர வேலை மறுபடி முதலிலிருந்து.

அந்த ஃபைல் இருந்தால் டிஸ்க்கை இன்னொரு டிரைவுக்கு மாற்றி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை இன்னொன்று படிக்கும், இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். என்னிடம் பழைய டெஸ்க்டாப் டிரைவ்கள் மூன்று இருக்கின்றன. லேப்டாப் டிரைவ் கைவிட்ட ஒரு சஷ்டியப்தபூர்த்தி டிஸ்க்கை, அந்த மூன்றில் இரண்டு மாறி மாறிப் படித்து, பாக்கி நான்கே கட்டுகளாகக் குறைத்தன. பழைய டிரைவ்களை எடைக்குப் போடாதீர்கள்.

முதலில் பாலிஷ், பிறகு காப்பி

வரிசை தலைகீழ். பாலிஷ் என்பது பிளாஸ்டிக்கைச் சீவுவது. டிவிடியில் பதிவு இருப்பது இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில். படிக்கும் பக்கத்தில் உண்மையான கீறல் இருந்தால் பாலிஷ் உதவும். உள்ளே பதிவைத் தாங்கும் சாயம் மங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது, புதிய கீறல்கள்தான் மிச்சம். முதலில் கிடைப்பதை இமேஜாக எடுத்துக்கொண்டு, அப்புறம் பாலிஷ் போடுங்கள். டூத் பேஸ்ட் யோசனைக்கும் இதே பதில்தான்.

துடைப்பது மட்டும் முதலிலேயே செய்யலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாக. வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிழை திருத்தத்தால் தாங்க முடியாது.

குட்டி டிஸ்க்கை வாயால் விழுங்கும் டிரைவில் போடுவது

கூடாது. தட்டு நீட்டும் டிரைவில் மட்டும்.

பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதுவது

வேண்டாம். காகித ஸ்டிக்கரும் வேண்டாம்.

விஓபி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எம்பி4 ஆக்குவது

1 ஜிபி வந்ததும் ஃபைல் வெட்டப்படும், அவ்வளவுதான். காட்சி முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை. தனித்தனியாக மாற்றி ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் நாதஸ்வரம் ஒரு நொடி அறுந்து விழும், சில சமயம் அதற்குப் பிறகு உதடும் சத்தமும் பொருந்தாது. இமேஜை மேக்எம்கேவி என்ற மென்பொருளில் திறந்து, தலைப்பை (டைட்டில், அதாவது டிவிடியில் தொடர்ச்சியாக ஓடும் ஒரு படம்) முழுசாக எடுங்கள். அது படத்தை மறுபடி சுருக்காமல் ஃபைலின் வகையை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது. ஒன்று மட்டும் கவனம்: 120 வினாடிக்குக் குறைவான தலைப்புகளை அது தானாகவே விட்டுவிடும். அமைப்பில் போய் அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்த படம் நாற்பது வினாடிதான் இருக்கும்.

எந்தப் படம் எங்கே என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல் கெட்டு டிஸ்க் திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். அதே பெயரில் பக்கத்தில் பியூபி என்று முடியும் ஃபைல் அதன் நகல்தான். கம்ப்யூட்டருக்கு எடுத்த பிறகு அதன் பின்னொட்டை ஐஎஃப்ஓ என்று மாற்றிப் பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்று கொடுப்பது

உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால் படத்தின் தொடக்கம் நடுத்துளைப் பக்கம் பத்திரமாக இருக்கும். முழுக்க நிரம்பிய டிஸ்க்கில் முடிவு ஓரத்தில் இருக்கும். கை படுவதும் ஈரம் ஏறுவதும் அங்கேதான். மெனு அழகாக வரும், பிள்ளையார் படம் வரும், மாப்பிள்ளை அழைப்பு ஓடும். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்புகிற இடம் வரை பார்த்த பிறகுதான் நான் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது, இதைத் தூக்கிப் போடாதீர்கள், டேப் இருந்தால் அதையும் வைத்திருங்கள் என்று உறையின் மேலேயே எழுதிவிடுகிறேன்.