விர்ச்சுவல் மெஷினுக்குப் பெயர் வைப்பது எப்படி

அலுவலகத்தில் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரு நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) பத்தைத் தாண்டும்போதே பெயருக்கு ஒரு முறை வகுத்துவிடுங்கள், ஐம்பது ஆனபின் மாற்றுவது பெரும்பாடு. அந்த மெஷின் இருக்கும்வரை மாறாத விஷயம் மட்டுமே பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹோஸ்ட், அதாவது மெஷினைத் தாங்கும் நிஜக் கணினி, மாறும்; லைவ் மைக்ரேஷனில் (ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவதில்) பட்டப்பகலிலேயே இடம் மாறிவிடும். ஐபி மாறும். பெயரில் 2016 என்று விண்டோஸ் பதிப்பைப் போட்டால் 2022க்கு ஏற்றிய அன்றே அது பொய்யாகிவிடும். பிராஜெக்ட் பெயர், மேனேஜர் பெயர் வேண்டவே வேண்டாம். முருகன், கணேஷ் என்று சாமி பெயர் வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் பக்கத்து மேசையில் ஜூலு பேசுபவருக்கு அதில் எது டேட்டாபேஸ் என்று எப்படித் தெரியும்? நாளைக்கு "முருகனை டெலிட் செய்" என்று டிக்கெட் எழுத நமக்கே கை வராது.

மிஞ்சுவது ஊர், நிஜமா சோதனையா, என்ன வேலை, எண். ஊருக்கு விமான நிலையக் குறியீடே போதும், இங்கே தென்னாப்பிரிக்காவில்: டர்பனுக்கு டியூஆர், ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஜேஎன்பி, கேப்டவுனுக்கு சிபிடி. அது மெஷினின் சொந்த ஊர். டர்பன் மெஷினை ஆபத்துக்கு ஜேஎன்பியில் எழுப்பினாலும் பெயரைத் தொடாதீர்கள். ஆக டியூஆர்-பி-எஸ்கியூஎல்-01 (பி என்றால் புரொடக்‌ஷன், அதாவது நிஜம்; எஸ்கியூஎல் என்றால் டேட்டாபேஸ்), ஆங்கிலத்தில் DUR-P-SQL-01, கோடுகளோடு 12 எழுத்து. விண்டோஸின் நெட்பயாஸ் பெயர் (நெட்வொர்க்கில் கணினிக்கு உள்ள பழைய வகைப் பெயர்) 15 எழுத்தோடு நின்றுவிடும் என்பதால் இந்தச் சிக்கனம். எழுத்து, எண், நடுவே ஹைஃபன் மட்டும், அண்டர்ஸ்கோர் கூடாது. 1 என்று போடாமல் 01 என்று போட்டால்தான் பட்டியலில் 10 வந்து 2க்கு முன்னால் நிற்காது.

வேலையைப் பெயரில் வைக்கச் சொல்வதற்கு லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, பெரிய காரணம். யூபிஎஸ் தீர்ந்து எல்லாம் அணைந்தபின் முதலில் டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்), பிறகு டேட்டாபேஸ், அப்புறம்தான் அப்ளிகேஷன் என்று ஏற்ற வேண்டும். பெயரில் டிசி, எஸ்கியூஎல், ஏபிபி என்று இருந்தால் ராத்திரி டூட்டியில் இருக்கும் புதுப் பையன்கூட யாரையும் எழுப்பாமல் வரிசையாக ஏற்றிவிடுவான்.

ஊழியர்களுக்கு இந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் பட்டியலில்) 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு சீநேம் (நிஜப் பெயரைக் காட்டும் மாற்றுப் பெயர்) போட்டு அதைக் கொடுங்கள், 01 போய் 02 வந்தால் சீநேமைத் திருப்பினால் சரி. 01ஐ மறுபடி யாருக்கும் வைக்காதீர்கள், பழைய பேக்கப்பும் டிஎன்எஸ் பதிவும் அந்தப் பெயரில் கிடக்கும்.

மெஷின்களை ஓட்டும் மென்பொருள் விஎம்வேர் என்றால் இன்னொன்று: பட்டியலில் பெயரை மாற்றினாலும் டேட்டாஸ்டோரில் (மெஷினின் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடத்தில்) ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருக்கும், ஸ்டோரேஜ் விமோஷன் (ஃபைல்களை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்துவது) செய்தால்தான் அதுவும் மாறும். அதை முடிக்காமல் 'பழைய' ஃபோல்டர் எதையும் அழிக்காதீர்கள்.