மாமாவின் டிரங்குப் பெட்டி: ஓர் இசைக்கலைஞரின் காகிதங்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மாமா வானொலி இசைக்குழுவில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக்கருவி) வாசித்தவர். வீட்டில் சொந்தமாக மெட்டும் அமைப்பார். அவர் போன பிறகு கோலாலம்பூர் செந்தூல் வீட்டு ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டி, நாலு பிளாஸ்டிக் பை, ஒரு பிஸ்கட் டின் என் கைக்கு வந்தன. "வேணுங்கிறத எடுத்துக்கோய்யா, மிச்சத்தப் பழைய பேப்பர் லாரியில போட்டுடலாம்" என்றார் அத்தை. நல்லவேளை, லாரி வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் இந்தப் பதிவு உதவும். மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.

முதல் படி, கையைக் கட்டிக்கொள்வது. பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து அடுக்கடுக்காகப் போனில் படம் எடுங்கள். எது எதோடு, எதன் மேல் இருந்தது என்பதும் ஒரு தகவல். ஷூ லேஸால் கட்டிய ஒரு கட்டை நான் அவிழ்த்து, வயலின் ஒரு பக்கம், வியோலா ஒரு பக்கம் என்று வாத்தியவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். அதன் நடுவே இருந்த நிகழ்ச்சி நிரலைப் பிறகு படித்தபோதுதான் புரிந்தது: அந்தக் கட்டு ஓர் இரவுக் கச்சேரி, வாசித்த வரிசையிலேயே கட்டி வைத்திருக்கிறார். படம் எடுக்காததால் அந்த வரிசை போனது போனதுதான்.

அடுத்து ஈரம். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சுவரை ஒட்டியோ தரையிலோ பெட்டியை வைக்காதீர்கள். வெயிலில் காயப் போடவும் வேண்டாம், மை வெளுத்துவிடும். காகிதம் அரிக்கும் ராமபாணப் பூச்சி தெரிந்தால், அந்தக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, நன்றாக ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காகிதம் வியர்த்துவிடும். போட்டோ, கேசட் எதையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

துருப்பிடித்த ஸ்டேப்பிளை இழுத்துப் பிடுங்காமல், பின்பக்கம் மடங்கிய காலை நிமிர்த்தி மெல்லக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. குறிப்பு எழுதப் பென்சில் மட்டும். கையுறை தேவையில்லை, கழுவித் துடைத்த கை போதும்.

சரி, இனி எது என்ன என்று கண்டுபிடிப்போம். எனக்குப் பிடித்த வேலை இதுதான். பக்கத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். மேலே புல்லாங்குழலில் தொடங்கி, ஊதுவாத்தியங்கள், தாளவாத்தியங்கள் என்று இறங்கி, அடியில் வயலின் முதல் டபுள் பாஸ் வரை பெயர்கள் இருந்தால் அது ஸ்கோர், அதாவது இசைக்குழுவை நடத்தும் கண்டக்டருக்கான முழுப் பிரதி. ஒரே வாத்தியத்தின் பெயர் மட்டும் தலையில் இருந்தால் அது பார்ட், வாசிப்பவருக்கானது. தலைப்பே இல்லாமல், இசை எழுதும் ஐந்து கோடுகளில் நடுக்கோட்டைப் பிடித்தபடி 3 போல வளைந்த குறி வரி தொடக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் வியோலாதான். அடித்தல் திருத்தலோடு பென்சிலில் பாதியில் நிற்பது முதல் வரைவாக இருக்கலாம். இசையமைப்பாளர் எப்படி யோசித்தார் என்பதை அதில்தான் பார்க்க முடியும். முதலில் காப்பாற்ற வேண்டியதும் அதுவே.

தந்திக்கருவிக்காரர்கள் இருவர் இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வார்கள். முதல் வயலின் பிரிவில் 12 பேர் இருந்தால் 6 பிரதி. எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே என்று ஐந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பென்சில் குறிகள் வேறு. சுரத்தின் மேல் கவிழ்த்துப் போட்ட 'ப' இருந்தால் வில்லைக் கீழே இழு, 'V' இருந்தால் மேலே தள்ளு. மாமாவின் ஒரு பக்கத்தில் இத்தாலியச் சொல்லின் கீழேயே "மெதுவா, அவரைப் பார்" என்று தமிழில் இருக்கிறது. அந்த 'அவர்' கண்டக்டராகத்தான் இருக்க வேண்டும். அழுக்கு என்று நினைத்து இதையெல்லாம் ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.

தேதி போடாத தாள்கள்தான் நிறைய. அதற்கும் நம் ஊரில் வழி உண்டு. தாளின் தலையில் 'ரேடியோ மலாயா' என்று அச்சிட்டிருந்தால் அது 1963 செப்டம்பருக்கு முன் அச்சான தாள். மலேசியா உருவானதும் அது 'ரேடியோ மலேசியா' ஆனது. 1969இல் தொலைக்காட்சியோடு இணைந்த பிறகுதான் ஆர்டிஎம் (மலேசிய வானொலி தொலைக்காட்சி). மலாய்ப் பாட்டின் தலைப்பில் 'சிந்தா' (காதல்) என்ற சொல் ரோமன் எழுத்தில் 'ch' என்று தொடங்கினால் பெரும்பாலும் 1972க்கு முந்தையது. அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் 'c' மட்டும் நின்றது. பழைய தாளை மிச்சம் பிடித்துப் பின்னாளில் எழுதியிருக்கலாம், பழைய எழுத்துப் பழக்கமும் லேசில் போகாது. ஆகவே இந்த வழியில் கண்ட ஆண்டின் முன்னால் 'சுமார்' என்று சேருங்கள்.

பட்டியலுக்கு எக்செல் போதும்: பெட்டி எண், கட்டு எண், தலைப்பு, வகை, ஆண்டு, பக்கம், நிலை. ஸ்கேன் செய்தால் 400 டிபிஐ, டிஃப் கோப்பாக. சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் பிடிஎஃப். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் மெஷினில் வைக்காதீர்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில் என் கண்ணெதிரே ஒரு பக்கம் நெடுகக் கிழிந்தது.

நிரந்தரமாகக் கொடுக்க நினைத்தால், கோலாலம்பூரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள். பினாங்கில் பிறந்த நடிகரும் இசையமைப்பாளருமான பி. ரம்லிக்கு செத்தாப்பாக்கில் இருக்கும் நினைவகமும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் பட்டியலை முதலில் அனுப்புங்கள். காகிதத்தைக் கொடுப்பது வேறு, காப்புரிமையைக் கொடுப்பது வேறு. மலேசியச் சட்டத்தில் இசையமைப்பாளர் இறந்து 50 ஆண்டு வரை காப்புரிமை நீடிக்கும். எதைக் கொடுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்தப் பிஸ்கட் டின். உள்ளே பென்சில் துண்டுகள், அறுந்த தந்தி, வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் கட்டி ஒன்று. ரோசின் நம் ஊர்ச் சூட்டில் இளகி எதிலும் ஒட்டிக்கொள்ளும். துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். டின்னின் அடியில் விரித்திருந்த தாளை நான் கடைசியில்தான் எடுத்தேன். அதிலும் ஐந்து கோடு போட்டிருந்தது.