புராஸ்டேட் புற்றுநோய்: தொலைவில் இருந்துகொண்டு சிகிச்சையை விடாமல் நடத்துவது எப்படி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகிவிடும். என் தகப்பனாரை ஆறு ஆண்டுகளாக அழைத்துச் சென்று வந்ததில் நான் கண்டது இதுதான்: எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கான சிகிச்சை பெரும்பாலும் மருந்து கிடைக்காமல் நிற்பதில்லை, ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் இடையில் நின்றுபோகிறது. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியதையும் வீட்டில் செய்ய வேண்டியதையும் தொலைவைக் கணக்கில் கொண்டே கீழே எழுதியிருக்கிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் ஒரு சுரப்பி. சிறுநீர் மெல்லியதாக வருவது, இரவில் நான்கைந்து முறை எழுவது ஆகியவை பெரும்பாலும் வயதில் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்தின் அறிகுறிகளே. புற்றுநோயோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். சிறுநீரில் இரத்தம், காரணம் தெரியாத எடைக் குறைவு, படுத்தாலும் தணியாத இடுப்பு வலி ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. நாற்று முடி சுமந்த முதுகு வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்தே மாதங்கள் கழிவதுதான் இங்கு நடக்கிறது. மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். அது ஒரு நிமிட வேலை. அதற்குக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடுவோர் பலர் என்பதால், முன்கூட்டியே வீட்டில் சொல்லி மனத்தைத் தயார் செய்துவிடுங்கள்.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம்; இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனையை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். சிறுநீர்த் தொற்று இருந்தாலோ, சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டிருந்தாலோ, புற்றுநோய் இல்லாமலேயே அந்த எண் ஏறிவிடும். என் தகப்பனாருக்குக் குழாய் போட்டிருந்த வாரத்திலேயே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுத்தார்கள்; யாரும் எதுவும் கேட்கவில்லை. குழாயில் மாட்டியிருந்த சிறுநீர் சேரும் பையை வேட்டிக்குள் மறைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பியபடி அவர் வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு ஆறு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தபோதுதான் நம்பத்தக்க எண் கிடைத்தது. வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நோயை உறுதி செய்வது பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனை மட்டுமே. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டே இதற்குப் போக வேண்டும். முடிவில் வரும் கிளீசன் எண் நோயின் வேகத்தைச் சொல்லும். ஸ்கேன்கள் அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று சொல்லும். இத்தாள்கள் எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் வையுங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பிஎஸ்ஏ எண், போட்ட ஊசி, அடுத்த தேதி என நான்கு பத்திகள் போட்டு எழுதிவாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் பார்க்க நேரும் பெரிய மருத்துவமனையில் கோப்பைவிட இந்த நோட்டுதான் விரைவாகப் பேசும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை எடுத்துவிடுவது நல்லது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற தொலைவான இடத்துக்கு ரயிலில் போவதானால், மருத்துவமனைச் சான்றைக் காட்டித் தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்கு முழுச் சலுகையும் துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகையும் பெறலாம்.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்து, மெதுவாக வளரும் வகையாகவும் இருந்தால், உடனே சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றுகூட மருத்துவர் சொல்லலாம். அதைக் கைவிட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். கதிர்வீச்சு என்று முடிவானால் எத்தனை அமர்வுகள் என்று கட்டாயம் கேளுங்கள். முன்பு ஏழெட்டு வாரம் கொடுத்ததைப் பலருக்கு இப்போது ஏறத்தாழ 20 அமர்வுகளில் முடிக்க முடிகிறது. தஞ்சாவூரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிது.

பரவிய நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை, ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் லியூப்ரோலைடு போன்ற ஊசி. இது முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோனைச் சற்று ஏற்றிவிடும் என்பதால், முன்னதாகவே ஒரு மாத்திரை தொடங்குவார்கள். முதுகெலும்பில் நோய் உள்ளவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. மற்றொன்று, விதைகளை நீக்கும் சிறிய அறுவை சிகிச்சை. ஒரே முறையோடு முடிந்துவிடும். ஹார்மோன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். இதை ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நினைப்பது தவறு. அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் இந்த நோய் ஹார்மோனைச் சார்ந்தது என்று காட்டியதே இவ்வழியில்தான். அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. விதைப்பை அப்படியே இருக்க, உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு என்பதால் வெளித்தோற்றம் குறித்த கூச்சத்தையும் பேசித் தீர்க்கலாம். ஊசி, தேதி தவறாமல் போட்டால்தான் பயன் தரும். எங்கள் பக்கத்தில் அந்தத் தேதி சம்பா அறுவடையில் விழுந்தால் தள்ளிப்போகும். தாளடி நடவில் விழுந்தாலும் தள்ளிப்போகும். வருமானத்தையும் பயணத்தையும் நேர்மையாகக் கணக்கிட்டால், வயதான பலருக்கு அறுவை சிகிச்சையே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் முடிவு நோயாளியுடையது; மகன்களுடையது அன்று.

ஹார்மோன் சிகிச்சையோடு, உடலில் டெஸ்டோஸ்டிரோன் உருவாவதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையும் சேர்த்துத் தரப்படுவது உண்டு. இந்தியாவில் இது பல நிறுவனங்களின் பொதுவகை மருந்தாகக் கிடைக்கிறது. வழக்கமான அளவு 1000 மி.கி., வெறும் வயிற்றில். உணவோடு சேர்ந்தால் உடல் இதைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். ஆகவே வெறும் வயிற்றில் எடுக்கச் சொன்ன மாத்திரையை நெய்ப் பொங்கலோடு விழுங்குவது ஆபத்து. இதே இயல்பைப் பயன்படுத்தி, செலவைக் குறைப்பதற்காகச் சில மருத்துவர்கள் 250 மி.கி. மட்டும் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு, அதாவது இட்லி போன்றவற்றோடு, எடுக்கச் சொல்கிறார்கள். இதில் எது உங்களுக்கு என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். உடன் தரும் பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் சோதனைகளை ஊருக்கு அருகிலேயே எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால் ஒரு பயணம் மிச்சமாகும்.

ஹார்மோன் குறைந்தால் உடல் திடீர் திடீரெனச் சூடாகும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். வழுக்கும் வரப்பில் தனியாக நடப்பதை நிறுத்தி, தினமும் தார்ச்சாலையில் அரை மணி நேரம் நடக்கச் செய்யுங்கள்.

கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று கொண்டு அன்றைக்கே 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடக்க முடிகிற நிலையில் போய்ச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் மீண்டும் நடக்கிறார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக் கூடாத ஒரே இடம் இது.

எலும்பு வலிக்கு ஒரே அமர்வில் தரும் கதிர்வீச்சு பல அமர்வுகளுக்கு நிகரான நிவாரணம் தருகிறது; இதையும் கேட்டு வாங்க வேண்டும். மார்ஃபின் மாத்திரை வேளை தவறாமல் கொடுக்க வேண்டியது. அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி வலியில் வைத்திருக்காதீர்கள், மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள். படுக்கையில் விழுந்தவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும்.

தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், 45 வயதிலேயே பிஎஸ்ஏ குறித்து மருத்துவரிடம் பேசுவது நல்லது. நான் மன்னார்குடியில் எடுத்துக்கொண்டேன்; அந்த எண்ணை அப்பாவின் நோட்டிலேயே, கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.