வைட் எழுதாம விட்ட ஊர் பேரு: ஒரு செடியை வீட்லயே ஹெர்பேரியம் ஷீட் ஆக்குறது எப்படி

எண்ணூர் முகத்துவாரம் பக்கம் மணல்ல படர்ந்து கெடக்குற அடப்பங்கொடியில ஒரு முழம் வெட்டி பேப்பருக்குள்ள வெச்சு அமுக்கிட்டு இருந்தேன், மீன் கூடையோட வந்த ஒரு ஆயா நின்னு "இன்னாத்துக்குமா இத்த எடுக்குற, வூட்ல யாருக்குனா கை கால் நோவா"ன்னு கேட்டாங்க. இல்ல ஆயா, காய வெச்சு தாள்ல ஒட்டப் போறேன், நூறு வருசம் கழிச்சு பாக்குறவங்களுக்கு இங்க இது இருந்துச்சுன்னு தெரியணும்ல அதான்னேன். "அப்போ மொகத்துவாரம்னு எழுதிக்கோ, வெறும் எண்ணூர்னா எவனுக்குத் தெரியும்"னு சொல்லிட்டு போய்ட்டாங்க. ஹெர்பேரியத்துல, அதாவது செடியைக் காய வெச்சு தாள்ல ஒட்டி விவரத்தோட சேத்து வெக்கிற வேலையில, முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு வரியில வந்துடுச்சு.

ஏன் அப்டி சொல்றேன்னா ராபர்ட் வைட்டால. ஸ்காட்லாந்துக்காரர், 1796ல பொறந்தவர், 1819ல கிழக்கிந்தியக் கம்பெனியோட உதவி சர்ஜனா மெட்ராஸ் வந்தவர். சம்பளம் வைத்தியத்துக்கு, மனசு பூரா செடி மேல. 1826ல அவரை மெட்ராஸ்ல நேச்சுரலிஸ்ட்டா (இயற்கையை ஆராயுற அதிகாரி) போட்டாங்க, ரெண்டே வருசத்துல அந்த வேலையையே எடுத்துட்டாங்க, இவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிட்டாங்க. அங்க போயும் விடல. 1831ல லீவுல ஊருக்குப் போறப்ப கூட எடுத்துட்டுப் போன காஞ்ச செடிங்க மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம், எடை ரெண்டு டன் பக்கம். அப்புறம் திரும்பி வந்து 1838ல இருந்து 1853 வரைக்கும் இந்தியச் செடிங்களோட படத்தை ஆறு வால்யூமா, மொத்தம் 2101 பிளேட் (முழுப்பக்கப் படம்), மெட்ராஸ்லயே லித்தோகிராஃப்ல (கல் அச்சுல) அச்சடிச்சார். படம் வரைஞ்சது நம்ம நாட்டு ஓவியர்கள், ரங்கையாவும் கோவிந்துவும். பிளேட் அடியில அவங்க பேரைப் போட்டார், ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு கோவிந்தூயான்னே பேர் வெச்சார் (இப்போ அந்தப் பேர் புழக்கத்துல இல்ல, டிரோப்பிடியாங்கிற இன்னொரு ஆர்க்கிட் இனத்துக்குள்ள சேந்துடுச்சு). அந்தக் காலத்துல வெள்ளைக்கார ஆபீசர் ஒருத்தர் இதைச் செஞ்சது பெரிய விஷயம், அந்த மரியாதை அவருக்கு எப்பவும் உண்டு.

ஆனா அவரோட ஷீட்ல ஒரு பெரிய குறை. 1860கள்ல லண்டன்ல இருக்குற க்யூ தாவரத் தோட்டத்துல இருந்து பல நாட்டு மியூசியத்துக்குப் பிரிச்சு அனுப்புன வைட் செடிங்கள்ல, லேபிள்ல எடம்னு பாத்தா லத்தீன்ல 'இந்தியத் தீபகற்பம்'னு மட்டும் அச்சடிச்சிருக்கும். அது குற்றாலமா, நீலகிரியா, நம்ம ராயபுரமான்னு ஒண்ணும் தெரியாது. வெயில்ல நடந்து பறிச்சுட்டு வந்த ஆளுங்க பேரும் பெரும்பாலும் கெடையாது. இத்தனைக்கும் அவருக்கு 130 வருசம் முன்னாடியே, 1690கள்ல, ஜார்ஜ் கோட்டையில சர்ஜனா இருந்த சாமுவேல் பிரவுன் மெட்ராஸ சுத்தி செடி சேத்து, நம்ம சனங்க சொன்ன பேரையும் கூடவே எழுதி லண்டனுக்கு அனுப்பியிருக்கார். அதனால இந்த வேலையில நீங்க வேற எதுல கோட்டை விட்டாலும் பரவால்ல, எடத்தையும் ஆளையும் விட்றாதீங்க.

சரி, இப்போ கைவேலை.

பிரஸ்ஸுக்கு, அதாவது செடியை அமுக்கிக் காய வெக்கிற கட்டுக்கு, காசு செலவே வேணாம். மரக்கடையில மிச்சம் விழுந்த பிளைவுட்ல ஒன்றரை அடிக்கு ஒரு அடி சைஸ்ல ரெண்டு துண்டு, கட்டறதுக்கு ரெண்டு பெல்ட் இல்லனா நைலான் கயிறு, பழைய பேப்பர் கடையில ரெண்டு கிலோ தமிழ் பேப்பர் (வழவழப்பான வாரப்பத்திரிகை வேணாம், அது ஈரத்தை இழுக்காது), மளிகைக் கடை அட்டைப்பொட்டியை அதே சைஸ்ல வெட்டுன துண்டுங்க. அட்டையில உள்ள நெளி நெளியா ஓட்டை இருக்குல்ல, அது வழியா காத்து போகும், நம்ம பக்கம் அதுதான் உயிர்நாடி. புத்தகத்துல எல்லாம் பேப்பர்ல வெச்சு அமுக்குங்க, பத்து நாள்ல காஞ்சிடும்னு இருக்கும், காசிமேட்டுலயோ திருவொற்றியூர்லயோ கடல் காத்து அடிக்கிற வீட்ல அது நடக்காது. நான் மொத மொதல்ல கட்டுன கட்டு ஐப்பசி மழையில, அட்டை வெக்காம, பீரோ மேல கெடந்துச்சு, பிரிச்சப்ப பன்னெண்டு ஷீட்ல ஒம்போதுல சாம்பல் கலர்ல பூசணம், ஒரு புளிச்ச வாடை, நெருஞ்சிப் பூவெல்லாம் விரல் பட்டதும் மாவாக் கொட்டிடுச்சு. அழுகையே வந்துடுச்சு.

அதனால மொத நாலு நாள் தெனமும் பேப்பர் மாத்துங்க, மொத நாள் ரெண்டு தடவை கூட மாத்தலாம். மாத்துறப்ப செடியைத் தூக்காதீங்க, செடி இருக்குற பேப்பரோட அப்டியே விட்டு மேலயும் கீழயும் இருக்குற பேப்பரை மட்டும் மாத்துங்க. பகல் பதினொண்ணுல இருந்து மூணு வரை கட்டோட மொட்டைமாடி வெயில்ல வெச்சுட்டு சாயந்தரம் காத்துல ஈரம் ஏறுறதுக்குள்ள எறக்கிடணும். ராத்திரி மேல அம்மிக்கல்லை வெச்சு அமுக்குங்க, மழைக்காலம்னா ஃபேன் கீழ வெச்சுக்கோங்க. இலையைக் கன்னத்துல வெச்சுப் பாத்தா சில்லுனு இருந்தா இன்னும் காயல.

செடி எடுக்குறப்ப பூவும் காயும் ரெண்டும் இருக்குற கெளையா பாருங்க, வெறும் இலையை வெச்சு பேர் கண்டுபுடிக்கிறது ரொம்ப சிரமம். சின்ன செடின்னா வேரோட எடுத்து மண்ணை உதறிடுங்க. புல்லு நீளமா இருந்தா வெட்டாம மடிச்சு வைங்க. ஒரு இலையையாவது திருப்பிப் போட்டு பின்பக்கம் தெரியுற மாதிரி வைங்க, நரம்பும் ரோமமும் அங்கதான் இருக்கும். எருக்குப் பால் கண்ணுல படாம பாத்துக்கணும். அலையாத்தி மரத்துல மட்டும் கை வெக்காதீங்க, 2023 டிசம்பர் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரத்துல பரவுனதுல இருந்து அதுங்க பட்ட பாடு போதும், போட்டோ எடுத்துக்கோங்க. காட்டிலாகா எடத்துல அனுமதி இல்லாம எதையும் பறிக்கக் கூடாது, நமக்கு ரோட்டோரமும் தண்டவாளத்து ஓரமுமே ஏராளம்.

அடப்பங்கொடி பத்தி தனியா சொல்லணும். அது காலையில ஊதா கலர்ல புனல் மாதிரி விரியும், வெயில் ஏறுனா சுருண்டு ஈர டிஷ்யூ மாதிரி ஆயிடும், வீட்டுக்கு கொண்டு வந்து பிரஸ் பண்ணலாம்னு பையில போட்டீங்கன்னா போச்சு. அதனால பிரஸ்ஸையே மணலுக்கு தூக்கிட்டுப் போங்க, பூவை ரெண்டு டிஷ்யூ பேப்பருக்கு நடுவுல விரிச்சு வெச்சு முழுசா காயுற வரைக்கும் அந்த டிஷ்யூவை எடுக்காதீங்க. காஞ்சா அந்த ஊதா நிக்காது, அதனால கலரை அங்கயே நோட்டுல எழுதிடணும். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவுல பிளந்திருக்கும், லத்தீன் பேர்லயும் அதுதான், பெஸ் காப்ரேன்னா ஆட்டுக்கால்.

உமரி மாதிரி சதைப்பத்தான செடி வேற வகை. அமுக்குனா சாகாது, நான் எட்டாவது நாள் பிரிச்சுப் பாத்தா பேப்பருக்குள்ளயே புதுசா ஒரு வெளிர்பச்சை துளிர் விட்டிருந்துச்சு. கொதிக்கிற தண்ணியில பூவை வெளிய விட்டு மிச்சத்தை மட்டும் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, துணியில ஒத்தி, அப்புறம் பிரஸ்ல வைங்க.

காஞ்ச செடியை பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வெச்சா பூச்சி முட்டையெல்லாம் செத்துடும். பழைய முறையில பாதரச உப்பு தடவுவாங்க, அது விஷம், வீட்ல அந்தப் பேச்சே வேணாம். ஒட்டறதுக்கு ஏ3 சைஸ் கெட்டி வெள்ளை அட்டை, ஹெர்பேரியத்துல வெக்கிற அளவும் ஏறக்குறைய அதுதான், 42க்கு 29 செ.மீ. ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி விட்டு மெல்லிசா தடவுங்க, தடிச்ச கொம்பை வெள்ளை நூலால தெச்சுடுங்க. உதிர்ந்த விதையைத் தூக்கிப் போடாதீங்க, சின்ன காகித உறை மடிச்சு அதே அட்டையில ஒட்டுங்க.

பேர் பாக்க வைட்டோட புத்தகங்களே பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்துல இலவசமா இருக்கு, படம் ஒப்பிட ரொம்ப உதவும், ஆனா அதுல இருக்குற பேர் பல எடத்துல மாறிடுச்சு, கேம்பிளோட மெட்ராஸ் மாகாணத் தாவர நூலையும் சேத்துப் பாருங்க. இப்போ தண்டவாள ஓரமெல்லாம் நிக்குற சீமைக்கருவேலத்தை வைட் படத்துல தேடாதீங்க, அது இந்தியாவுக்கு வந்ததே 1870கள்ல, அவர் 1853லயே ஊருக்குப் போய்ட்டார், 1872ல எறந்தும் போய்ட்டார்.

கடைசியா லேபிள், வலது பக்கம் கீழ் மூலையில. பறிக்கிறப்பவே நோட்டுல ஒரு நம்பர் போட்டு அதே நம்பரை செடியில நூல் கட்டி தொங்க விடுங்க, ஒரு நம்பரை ரெண்டு செடிக்கு போடவே கூடாது. என்னோடது இப்டி இருக்கு:

எண் 14. அடப்பங்கொடி, ஐப்போமியா பெஸ் காப்ரே, கன்வால்வுலேசியே குடும்பம். எண்ணூர் முகத்துவாரம், கடலைப் பாத்த மணல் மேடு, அலை தொடுற எடத்துல இருந்து இருவது தப்படி. படர்கொடி, பூ ஊதா, தொண்டைக்குள்ள இன்னும் அடர்த்தி, தண்டை ஒடிச்சா பால் வருது. கை கால் வலிக்கு எடுப்பாங்கன்னு மீன் விக்கிற ஆயா பேச்சுல தெரிஞ்சுது.

ஆயா பேரை அன்னிக்கு கேக்காம விட்டுட்டேன். அவங்க பேர் எழுதற எடத்தைக் காலியா விட்டு வெச்சிருக்கேன், ஞாயித்துக்கெழம காலையில போய் கேட்டு, அவங்களுக்கு சம்மதம்னா எழுதணும்.